நியூட்ரலும் எர்த்தும் ஒன்றா? புதிதாக வயரிங் கற்பவர்களுக்கு

வயரிங் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். மல்டிமீட்டரை எடுத்து சாக்கெட்டில் வைத்துப் பார்க்கிறோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அதே 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு பல்பை பேஸிலும் எர்த்திலும் மாட்டினால் அதுவும் ஜோராக எரியும் (செய்து பார்க்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்). அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு கம்பி இழுத்துக் காப்பரை வீணாக்குகிறார்கள்?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "எர்த் என்பது பாதுகாப்புக்கு" என்று படித்திருந்தேனே தவிர, அது எப்படிக் காப்பாற்றுகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியவே புரியாது. கம்பியில் என்ன ஓடுகிறது, எப்போது ஓடுகிறது என்று பார்க்கத் தொடங்கினால்தான் பிடிபடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரிட்டிஷ் வழியில் வந்தவர்கள் எர்த் என்பதை அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்பார்கள், வீட்டு வயரிங்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பொருள்தான். வம்பு எங்கே வருகிறது என்றால், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களும் கார் வயரிங் தெரிந்தவர்களும் கிரவுண்ட் என்ற அதே சொல்லை வேறு அர்த்தத்தில் சொல்வார்கள். காரில் பாட்டரியின் நெகட்டிவ் பாடியில் இணைந்திருக்கும், ஹெட்லைட்டுக்குப் போன கரண்ட் அந்தப் பாடி வழியாகத்தான் திரும்பி வரும். அங்கே கிரவுண்ட் தினமும் வேலை பார்க்கிற கம்பி, அதாவது நம் நியூட்ரல் மாதிரி. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டு வயரிங்குக்குக் கொண்டுவந்தால் ஆபத்து.

இன்னொன்று, நான் இங்கே 230 வோல்ட்டை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறேன். 120 வோல்ட் இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், விஷயம் மாறாது.

முதல் படி: கரண்ட் போய்த் திரும்பும் பாதையைப் பாருங்கள்

கரண்ட் "பூமிக்குள் போகிறது" என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை. அது எங்கிருந்து கிளம்பியதோ அங்கேதான் திரும்பப் போகும். டிரான்ஸ்பார்மரிலிருந்து பேஸ் வழியாக வந்து, பல்போ மோட்டாரோ ஹீட்டரோ அதற்குள் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு, நியூட்ரல் வழியாக அதே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. இந்த வட்டம் எங்கே அறுந்தாலும் எதுவும் ஓடாது.

1000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். பேஸ் கம்பியில் மட்டும் கிளாம்ப் மீட்டரை (கம்பியை வெட்டாமல் சுற்றிக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கருவி) மாட்டினால் 4.3 காட்டும், நியூட்ரலில் மட்டும் மாட்டினாலும் அதே 4.3 காட்டும், எர்த்தில் மாட்டினால் ஒன்றும் காட்டாது. இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே கிளாம்புக்குள் விட்டால் பூஜ்யம், ஏனென்றால் போவதும் வருவதும் சமம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்சைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஆக, நியூட்ரல் எந்நேரமும் பேஸுக்குச் சமமாகச் சுமை தூக்குகிற கம்பி. எர்த் சும்மா இருக்கிற கம்பி, சும்மா இருக்க வேண்டிய கம்பி. எர்த்தில் தொடர்ந்து கரண்ட் ஓடுகிறது என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் போன்ற சாதனங்களில் இருக்கும் பில்டரால் ஓரிரு மில்லி ஆம்பியர் கசியலாம், அதைக் கணக்கில் விடுங்கள்.

"நியூட்ரலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். வட்டம் முழுசாக இருக்கும் வரைதான் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலை நடுவில் கழற்றினால், ஹீட்டர் பக்கம் இருக்கும் முனை அந்த நொடியே 230 வோல்ட்டுக்கு வந்துவிடும், ஏனென்றால் பேஸ் அந்த ஹீட்டருக்குள் புகுந்து அங்கே வந்து நிற்கிறது. ஒரு கையில் அந்த முனை, இன்னொரு கையில் மறுமுனை என்று பிடித்திருந்தால் விட்டுப்போன வட்டத்தை உங்கள் உடம்பு பூர்த்தி செய்துவிடும்.

இரண்டாவது படி: இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மீட்டர் பூஜ்யம் காட்டக் காரணம், நியூட்ரலும் எர்த்தும் உண்மையிலேயே ஓர் இடத்தில் இணைந்திருக்கின்றன என்பதுதான். டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனையை மண்ணில் புதைத்த எர்த்தோடு கட்டி வைத்திருப்பார்கள். அப்படிக் கட்டாவிட்டால் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளும் பூமியைப் பொறுத்து எந்த வோல்டேஜில் இருக்கும் என்று சொல்லவே முடியாது, மின்னல் விழுந்தாலோ டிரான்ஸ்பார்மருக்குள் உயர் அழுத்தப் பக்கம் இந்தப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டாலோ ஆயிரக்கணக்கான வோல்ட் வீட்டுக்குள் வந்து நிற்கும். கட்டி வைத்ததால்தான் அது நியூட்ரல், கட்டி வைத்ததால்தான் பூஜ்யம்.

அங்கிருந்து வீடு வரை வருவதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. சில இடங்களில் மின்வாரியமே தனி எர்த் தருகிறது. சில இடங்களில் ஒரே கம்பி நியூட்ரலாகவும் எர்த்தாகவும் வந்து, மெயின் போர்டில் இரண்டாகப் பிரிகிறது. வேறு சில இடங்களில் நியூட்ரல் மட்டும் வரும், எர்த்துக்கு வீட்டுக்காரர்தான் ராடோ பிளேட்டோ புதைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் இடத்தில் எது என்று மின்வாரியத்திடமோ லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த படியில் வரும் கணக்கே அதைப் பொறுத்துத்தான்.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு விதி மாறாது. பிரிந்த பிறகு இரண்டும் மறுபடி எங்கேயும் சேரக் கூடாது. டிபி பாக்ஸுக்குள் (சப்ளையை வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரல் லிங்க் தனி, எர்த் பார் தனி என்று இருப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது படி: எர்த் காப்பாற்றும் அந்த ஒரு நொடியைக் கணக்குப் போடுங்கள்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு வாஷிங் மெஷின். உள்ளே பேஸ் கம்பி அதிர்ந்து அதிர்ந்து உரசி, இன்சுலேஷன் தேய்ந்து, இரும்புப் பாடியைத் தொட்டுவிட்டது. எர்த் இல்லை என்று வையுங்கள். என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது, அதுதான் பயங்கரம். மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் கூடுதல் கரண்ட் எதுவும் ஓடவில்லை. பாடி மட்டும் 230 வோல்ட்டில் யாராவது வந்து தொடட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் உடம்பின் எதிர்ப்பை 1000 முதல் 2000 ஓம் என்று வைத்தால், 115 முதல் 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டியே கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 30-ஐத் தாண்டினால் மூச்சு விடுவதே சிரமம், அதற்கு மேல் போகப் போக இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இப்போது அதே பாடியில் எர்த் இருக்கிறது, அது கம்பி வழியாகவே டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் வரை போகிறது என்று வையுங்கள். போகிற வர்ற பாதை முழுக்க அரை ஓம் என்றால் 230-ஐ 0.5-ஆல் வகுத்தால் 460 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி 160 ஆம்பியரைத் தாண்டினாலே உடனே விழுந்துவிடும். கண் இமைப்பதற்குள் சப்ளை போய்விடும், நீங்கள் அந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டீர்கள். எர்த் கரண்ட்டை மண்ணுக்குள் "உறிஞ்சிக்கொள்ளவில்லை". வேண்டுமென்றே ஒரு பெரிய ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கி எம்சிபியை விழ வைத்தது, அவ்வளவுதான் அதன் வேலை.

சரி, உங்கள் வீட்டில் தனியாக ராடு புதைத்திருக்கிறார்கள், மண் வழியாகப் போய்த் திரும்பும் பாதை மொத்தம் 20 ஓம். கணக்குப் போடுங்கள்: 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்து, யாரோ ஹீட்டர் போட்டிருக்கிறார்கள் போல என்று சும்மா இருந்துவிடும். பாடியில் வோல்டேஜின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். "எர்த்தெல்லாம் பக்கா, ஆனாலும் ஷாக் அடிக்குது" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். காப்பரோடு ஒப்பிட்டால் மண் ரொம்ப மோசமான கடத்தி.

இங்கேதான் ஆர்சிசிபி வருகிறது. பேஸில் போவதும் நியூட்ரலில் வருவதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், மேலே சொன்ன கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் மாதிரி. வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால், அதாவது அவ்வளவு கரண்ட் வேறு ஏதோ வழியில் போகிறது என்றால், பட்டென்று விழுந்துவிடும். 20 ஓம் எர்த்தில் ஓடும் 11.5 ஆம்பியர் எம்சிபிக்கு ஒன்றுமில்லை, ஆர்சிசிபிக்கோ அது பல நூறு மடங்கு அதிகம். ராடு எர்த் உள்ள வீட்டில் ஆர்சிசிபி இல்லை என்றால், என்னைக் கேட்டால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் அதை மாட்டச் சொல்லுவேன்.

ஒரு நுணுக்கம். ஆர்சிசிபி விழுவதற்கு எர்த் கம்பி தேவையில்லை. அப்புறம் எதற்கு எர்த் என்று கேட்கலாம். எர்த் இல்லாத வீட்டில் அந்த 30 மில்லி ஆம்பியர் உங்கள் உடம்பு வழியாகப் போன பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால் பேஸ் பாடியைத் தொட்ட கணமே விழுந்துவிடும், ஆள் தேவையில்லை.

நான்காவது படி: கம்பிகளை அடையாளம் காணுங்கள், ஆனால் நிறத்தை நம்பாதீர்கள்

உலகின் பெரும்பகுதியில் இப்போது பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய பிரிட்டிஷ் வழியில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க முறையில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறை இல்லாத வெறும் காப்பர் எர்த். கவனித்தீர்களா, கறுப்பு ஓர் இடத்தில் நியூட்ரல், இன்னோர் இடத்தில் பேஸ். நீலமும் அப்படித்தான், பழைய மூன்று பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ். பிரிட்டனிலேயே 2004-இல்தான் வீட்டு வயரிங்கைப் புதிய நிறங்களுக்கு மாற்றத் தொடங்கினார்கள், அதனால் ஒரே கட்டடத்தில் இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கலாம். போதாக்குறைக்கு, கையில் இருந்த கம்பியை எடுத்து இழுத்துவிட்டுப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிறம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

டெர்மினலில் எல், என், ஈ அல்லது பிஈ என்று எழுத்துகள் இருக்கும்: எல் பேஸ், என் நியூட்ரல், மற்றவை எர்த். எர்த்துக்குக் குறியும் உண்டு, ஒரு செங்குத்துக் கோடும் அதன் கீழே வரவரச் சின்னதாகும் மூன்று படுக்கைக் கோடுகளும்.

எர்த் துளை மேலே இருக்கும் பிரிட்டிஷ் வழி மூன்று துளை சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பிளக்கில் எர்த் பின் நீளமாக இருக்கும், செருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியாக விடவும். எல்லா நாட்டு பிளக்கும் இப்படி இல்லை. எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகக்கூடிய வட்ட பிளக் உள்ள நாடுகளில் இடம் வலம் என்ற பேச்சே கிடையாது.

ஐந்தாவது படி: சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள்

டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் பேஸைக் காட்டும், நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்துக் காட்டாது. எரியவில்லை என்றால் அது நியூட்ரலாக இருக்கலாம், எர்த்தாக இருக்கலாம், எங்கேயும் இணையாத வெறும் கம்பியாகவும் இருக்கலாம். ஆகவே மல்டிமீட்டர் வேண்டும். 230 வோல்ட்டைத் தாங்கும் தரமான மீட்டராக, ஒயரில் வெடிப்பு இல்லாமல் இருக்கட்டும். ஏசி வோல்ட்டில் பெரிய ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆம்பியர் துளையில் செருகிவிட்டு சாக்கெட்டில் குத்தினால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு சாக்கெட்டில் முதலில் பார்த்து மீட்டர் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், முடித்த பிறகும் ஒருமுறை. விரல்கள் புரோபின் தடுப்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஈரக் கை, ஈரத் தரை என்றால் இன்றைக்கு வேண்டாம்.

இப்போது பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று ஜோடியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

230, 230, பூஜ்யத்திலிருந்து இரண்டு மூன்று வோல்ட் என்று வந்தால் நல்ல அறிகுறி. பேஸ்-எர்த் பூஜ்யமாகவும் நியூட்ரல்-எர்த் 230 ஆகவும் வந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. பேஸ்-நியூட்ரல் 230 சரியாக இருந்து, எர்த்தோடு அளக்கும் இரண்டும் 60, 90, 110 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது இணைக்கவே இல்லை. அந்த ஆடும் எண் உண்மையான சப்ளை இல்லை, பக்கத்துக் கம்பியிலிருந்து ஒட்டிக்கொண்ட வோல்டேஜ், டிஜிட்டல் மீட்டர் அதையும் நிஜம் போலக் காட்டும். டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் போயிருக்கிறது, அந்த லைனில் ஏதோ ஒரு சாதனம் ஆன் ஆக இருப்பதால் அதன் வழியாகப் பேஸ் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது.

எர்த் இல்லை என்பதை மீட்டர் இல்லாமலே சொல்லிவிடும் ஓர் அடையாளம் உண்டு. கம்ப்யூட்டரின் இரும்பு டப்பாவை லேசாகத் தடவும்போது சுருசுருவென்று இருக்கும். உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் டப்பாவைக் கட்டிவைத்திருப்பதால், எர்த் இல்லாதபோது அது சப்ளையின் பாதிக்கு, சுமார் 115 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் அது ஆளைக் கொல்லாது, ஆனால் அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்பது உறுதி.

இனி எனக்குப் பிடித்த சோதனை. அதே லைனில் ஒரு பெரிய ஹீட்டரைப் போட்டுவிட்டு நியூட்ரல்-எர்த் வோல்டேஜை மறுபடி பாருங்கள். நியூட்ரலில் 8, 9 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கம்பியின் எதிர்ப்பால் கொஞ்சம் வோல்டேஜ் எழும், எர்த்தில் ஒன்றும் ஓடாததால் அங்கே எழாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் ஏறினால் இரண்டும் தனித்தனிக் கம்பிகள்தான் என்று அர்த்தம். பத்து வோல்ட்டுக்குப் போனால் நியூட்ரலில் எங்கோ லூஸ் ஜாயின்ட் என்று சந்தேகப்படுங்கள். முழு லோடிலும் அசையாமல் 0.0 என்று நின்றால்? அதுவும் சந்தேகம்தான். நான் குடிவந்த ஒரு வீட்டில் மூன்று அளவும் அச்சு அசல் சரியாக இருந்தன, லோடு போட்டும் 0.0. மெயினை அணைத்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு ஒரு விரல்கடை நீளத்துக்குக் கம்பித் துண்டு. எர்த் கம்பி என்று ஒன்று அந்த சுவருக்குள் வரவே இல்லை. யாரோ புத்திசாலித்தனமாக வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மீட்டரின் எல்லையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு வழக்கமாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். எர்த் பாதை 1000 ஓமாக இருந்தாலும் அது 230 என்றுதான் காட்டும். எர்த் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், ஆபத்தில் உதவுமா என்று சொல்லாது. அதற்கு லூப் டெஸ்டர், எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவிகள் உண்டு, அவை எலக்ட்ரீஷியனின் வேலை. "பல்பை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பார்கள். எர்த் வழியில் எங்காவது அறுந்திருந்தால், அந்தப் பல்பு வழியாகப் போகும் பேஸ், அதே எர்த்தில் கட்டியிருக்கும் பிரிட்ஜ், மோட்டார், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றின் பாடியிலும் போய் நிற்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் சோதனை செய்வது தெரியாது.

ஆறாவது படி: பிளக்கை மாட்டுங்கள்

மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டாதீர்கள். எர்த் கம்பியைக் கொஞ்சம் நீளமாகவும் பேஸைக் குட்டையாகவும் விடுங்கள், யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் கழன்று எர்த் கடைசியில்தான் கழல வேண்டும். பிரிகளை நன்றாக முறுக்கி, வெளியே ஒரு பிரிகூட நீட்டிக்கொண்டிருக்காமல் ஸ்க்ரூவை இறுக்கி, ஒயர் கிளிப்பை வெளி உறை மேல் போடுங்கள், உள்ளே இருக்கும் கம்பி மேல் அல்ல.

சில சாதனங்களில் ஒயரே இரண்டு கம்பிதான் வரும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள சாதனம், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் இரும்புப் பாடியோடு இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். சாக்கெட்டில் மூன்றாவது துளை இல்லை என்பதற்காக எர்த் பின்னை ஒடிக்காதீர்கள். சாக்கெட்டை மாற்றுங்கள், அதற்கு எர்த் கம்பியும் இழுங்கள்.

செய்யவே கூடாத இணைப்புகள்

எர்த் இல்லை என்று நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு கொடுப்பது. நான் மேலே பார்த்த வேலை. நியூட்ரல் எங்காவது லூஸ் ஆகி விட்டுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்துக்குள் நுழைந்த பேஸ் நியூட்ரல் முனைக்கு வந்து, அந்தத் துண்டு வழியாகச் சாதனத்தின் இரும்புப் பாடிக்கே வந்துவிடும். பாதுகாக்க வேண்டிய பின்னே பாடிக்கு 230 வோல்ட் கொண்டுவந்து தருகிறது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், செருகியவுடனே பாடியில் சப்ளை.

இதற்கு நேர்மாறு, நியூட்ரல் போய்விட்டது என்று எர்த்தில் கொடுத்து லைட் போடுவது. எரியும், அதனால்தான் இந்தப் பழக்கம் சாகமாட்டேன் என்கிறது. 5 ஓம் எர்த்தில் 10 ஆம்பியர் ஓடினால் 50 வோல்ட் அந்த எர்த்தில் எழும், வீட்டில் எர்த் கட்டிய ஒவ்வொரு பாடியிலும் அந்த 50 வோல்ட் நிற்கும். ஆர்சிசிபி இருந்தால் ஒரு பல்புக்கே விழுந்துவிடும், அதைப் பழுது என்று நினைத்துக் கழற்றி வீசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சுவிட்ச் எப்போதும் பேஸில்தான். நியூட்ரலில் போட்டாலும் லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் பேஸ் நிற்கும், பல்பு மாற்றப் போகிறவர் கையில் அடிக்கும். எல்ஈடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகித்துப் பாருங்கள். எர்த்தில் சுவிட்சோ பியூஸோ எந்தக் காலத்திலும் வரக் கூடாது.

புதிதாக ஆர்சிசிபி மாட்டியவர்களை அலைக்கழிக்கும் ஒன்று: எல்லா சாதனமும் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு சுவிட்சைப் போட்டவுடன் விழுகிறது. ஒரு லைனின் பேஸை எடுத்து இன்னொரு லைனின் நியூட்ரலில் முடித்திருப்பார்கள், பக்கத்தில் இருந்ததே என்று. இரண்டு ஆர்சிசிபி இருந்தால் ஒன்றில் போன கரண்ட் மற்றதில் திரும்புகிறது, இரண்டின் கணக்கும் உதைக்கும். நியூட்ரலையெல்லாம் ஒன்றாகக் கோர்த்துவிட்டால் போச்சு என்று இருந்த காலத்து வயரிங்கில் இது சகஜம். இன்வர்ட்டர் மாட்டும்போதும் இதே தொல்லை வரும். ஒவ்வொரு பேஸுக்கும் அதன் சொந்த நியூட்ரலைத் தேடிக் கொடுப்பதுதான் ஒரே வழி.

நியூட்ரல் தெருவிலேயே அறுந்தால்

மூன்று பேஸ் சப்ளையில் பொது நியூட்ரல் அறுந்தால் கதையே வேறு. மூன்று பேஸுக்கும் நடுவில் நியூட்ரலைப் பிடித்துவைக்க ஆள் இல்லாமல், லோடு அதிகமான பேஸில் வோல்டேஜ் விழுந்து, லோடு குறைவான பேஸில் ஏறிவிடும். 230 இருந்த இடத்தில் 300, 350 என்று போய், ரொம்ப மோசமானால் 400-ஐத் தொடும். ஓர் அறையில் லைட் மங்கும்போது இன்னோர் அறையில் பளீரென்று ஏறினால் யோசிக்க நேரமில்லை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். டிவி, பிரிட்ஜ் எல்லாம் சில நிமிடத்தில் கருகிவிடும். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது, அது எர்த்தின் வேலை இல்லை.

கடைசியாக ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள். விழுந்துவிட்டது, ஆகவே எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பட்டன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட்டைத் திருப்பிவிட்டுத்தான் ஆர்சிசிபியை ஏமாற்றுகிறது, உங்கள் எர்த் கம்பியை அது தொடுவதே இல்லை. எர்த் அறுந்து கிடக்கும் வீட்டிலும் அந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும்.